பிக்சர் டியூபை கேபினெட்டில் பொருத்துவது: கேட்டவர்களுக்குப் பதில்

பழைய டப்பா டிவியைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதில் சந்தோஷம். வந்த கேள்விகளில் பாதி யோக்கைப் பற்றியவைதான், அதாவது டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும், படத்தைத் திரையில் பரப்பும் காயில் கட்டு. அங்கேயே தொடங்குகிறேன்.

சேலம்: சார், 21 இஞ்ச் கலர் டிவியின் கேபினெட் விரிசல் விட்டதால் டியூபை வேறு கேபினெட்டுக்கு மாற்றினேன். இப்போது நியூஸ் சேனலில் கீழே ஓடும் எழுத்துப் பட்டை இடது பக்கம் சரிந்து தெரிகிறது. யோக்கைத் திருப்பலாமா?

அவசரப்படாதீர்கள். சாய்ந்திருப்பது டியூபா, படமா என்று முதலில் பாருங்கள். டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் முன்சட்டத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டு மூலையிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கவனியுங்கள். டியூபைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டையின் நான்கு காதுகளிலும் துளை ஸ்க்ரூவைவிடச் சற்றுப் பெரிது. அதனால் டியூப் கொஞ்சம் நகரும், ஆனால் சில மில்லிமீட்டர்தான். எழுத்துப் பட்டை ஒரு சென்டிமீட்டர் சரிந்திருந்தால் காதைக் குற்றம் சொல்ல முடியாது. தூக்கும்போது யோக் திரும்பியிருக்கிறது. (கழுத்தைப் பிடித்துத் தூக்கினீர்களா என்று கேட்க மாட்டேன்.)

டியூப்தான் சாய்ந்திருக்கிறது என்றால் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, டிவியை முகம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தி, டியூபை நேராக்கி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே மூலையை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டியூப் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும். யோக் திரும்பியிருந்தால், அதைக் கழுத்தோடு இறுக்கும் கிளாம்ப் ஸ்க்ரூவை யோக் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். முன்னும் பின்னும் நகரவே கூடாது. படத்தை ஓடவிட்டுத் திருப்புவதானால் பிளாஸ்டிக்கை மட்டும் பிடியுங்கள், ஒரு கையால். ஹாரிசான்டல் காயிலில் ஆயிரம் வோல்ட்டை ஒட்டிய பல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்.

ஈரோடு: அண்ணே, ஆறு மாசமா ஓடாத டிவி. அனோட் கேப்பைக் கழற்றும் முன் டிஸ்சார்ஜ் பண்ணியே ஆகணுமா?

பண்ணியே ஆகணும். அனோட் கேப் என்பது டியூபுக்குள் உயர் வோல்ட் போகும் ஒயரின் ரப்பர் மூடி. கலர் டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் கம்பியில் ஒரு ஒயரைச் சுற்றி, மறுமுனையை டியூபின் முதுகில் ஓடும் எர்த் ஜடையில் (பின்னல் ஒயரில்) மாட்டுங்கள். சேஸிஸில் மாட்டினால் போர்டு போய்விடும். பிறகு முனையை ரப்பர் கேப்புக்கு அடியில் நுழைத்துத் தொடுங்கள். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை. கண்ணாடி மிச்சம் பிடித்து வைத்திருக்கும், அது மெல்லத் திரும்பி வரும். ஷாக்கைவிட, அது அடித்த அதிர்ச்சியில் டியூபைக் கீழே போடுவதுதான் பெரிய ஆபத்து. 21 இஞ்ச் டியூபின் முகத்தில் மட்டும் காற்று ஒரு டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. டியூபைச் சுற்றிய இரும்புப் பட்டையை மட்டும் கழற்றிவிடாதீர்கள், கண்ணாடி வெடித்துச் சிதறாமல் காப்பது அதுதான்.

சென்னை: பழைய வீடியோ கேம் விளையாட ஒரு டிவி தயார் செய்கிறேன். டியூப் மங்கிவிட்டது. வேறு 21 இஞ்ச் டிவியிலிருந்து டியூப் எடுத்தால் யாருடைய யோக்கைப் போடுவது, அண்ணா?

கலர் டியூபில் அதனதன் யோக் அதனதோடு. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் கம்பெனியில் சரிசெய்திருப்பார்கள். ஆனால் புது ஜோடியின் காயில்கள் உங்கள் போர்டுக்கு ஒத்துப்போக வேண்டும். ஓம் கணக்கு (மின்தடை) மட்டும் போதாது, ஹாரிசான்டல் காயிலின் இண்டக்டன்ஸையும் அளந்து பாருங்கள். கழுத்து 29 மில்லிமீட்டரா 22.5 மில்லிமீட்டரா என்பதையும் பாருங்கள், சாக்கெட் மாறிவிடும். லேபிளில் ஏ51 என்று தொடங்கினால் 21 இஞ்ச், ஏ34 என்றால் 14 இஞ்ச். அந்த எண், கண்ணுக்குத் தெரியும் திரையின் மூலைவிட்டம், சென்டிமீட்டரில்.

திருச்சி: யோக்கில் செருகியிருந்த ரப்பர் ஆப்புகள் விழுந்துவிட்டன. ஓரத்து எழுத்துகளில் சிவப்பும் நீலமும் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றன. பின்னாலுள்ள காந்த வளையங்களைத் திருப்பிப் பார்க்கட்டுமா?

வேண்டாம்! நடுத்திரையில் வெள்ளைக் கோடு சுத்தமாக இருக்கிறதா? இருந்தால் வளையங்களுக்கு வேலையே இல்லை. அவற்றின் மேல் பெயிண்ட் வைத்து அடைத்திருப்பது சும்மா இல்லை. ஓரத்தில் மட்டும் பிரிவது யோக் தலை தொங்கியதால். கட்டம் போட்ட படம் ஒன்றை ஓடவிட்டு, யோக்கின் முன்பகுதியை மெல்ல மேலே கீழே, பிறகு இடம் வலமாகச் சாய்த்துப் பாருங்கள். ஓரங்களில் சிவப்பும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் இடம் கிடைக்கும். அங்கேயே பிடித்துக்கொண்டு ஆப்புகளைச் செருகி, சிலிக்கான் பசை வையுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், அடுத்தவன் கழற்றும்போது கண்ணாடியோடு வரும்.

நடுவிலும் பிரிந்திருந்தால்தான் வளையங்கள். நாலு துருவ ஜோடி சிவப்பையும் நீலத்தையும் சேர்க்கும், ஆறு துருவ ஜோடி அந்த இரண்டையும் பச்சையின் மேல் கொண்டுவரும். தொடும் முன் மார்க்கர் பேனாவால் எல்லா வளையத்துக்கும் குறுக்கே ஒரே கோடு இழுத்துவிடுங்கள். அப்புறம் எவ்வளவு திருப்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

நாகர்கோவில்: மெல்போர்னிலிருந்து வந்த மச்சான் 29 இஞ்ச் டிவி ஒன்றைக் கொண்டுவந்தார். அங்கே நன்றாக இருந்ததாம். இங்கே ஓரங்களில் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. வழியில் யோக் ஆடிவிட்டதா?

ஆடாமலும் அப்படி ஆகும். மெல்போர்னில் பூமியின் காந்தப் புலம் செங்குத்தாக நிற்கிற மாதிரி சாய்ந்திருக்கும். உங்கள் ஊர்ப்பக்கம் அது ஏறக்குறைய படுத்தே இருக்கிறது, காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிப் போகிறது. டியூபைச் சுற்றியுள்ள டீகாசிங் காயில் (டியூபில் ஏறிய காந்தத்தைப் போக்கும் காயில்) வேலை செய்கிறதா என்று பாருங்கள். டிவியை அணைத்து இருபது நிமிடம் ஆறவிட்டுப் போட்டால்தான் அது மறுபடி முழுதாக இயங்கும். அப்படியும் போகாவிட்டால் பியூரிட்டி வளையமும் (நிறத்தைச் சுத்தமாக்கும் காந்த வளையம்) யோக் இடமும் சரிசெய்ய வேண்டும். அதை மட்டும் அனுபவமுள்ள ஒருவரிடம் விடுங்கள்.

தஞ்சாவூர்: ஒரு மூலையில் பிளாஸ்டிக் தூண் உடைந்துவிட்டது. மூன்று ஸ்க்ரூவில் நிற்குமா?

நிற்கும், விழும்வரை. தூணை எபாக்சியில் கட்டி, அகலமான வாஷர் போட்டு நாலாவதையும் மாட்டுங்கள்.

வடபழனி: சினிமாப் படம் ஒன்றின் ஆர்ட் டிபார்ட்மெண்டில் இருக்கிறேன். 1980களின் ஷட்டர் வைத்த மர டிவிக்குள் எல்சிடி வைக்க வேண்டும். எது பொருந்தும்?

அகலத்திரையை வாங்கிவிடாதீர்கள். பழைய டிவியின் அகல-உயர விகிதமான 4:3 மானிட்டர் தேடுங்கள். 17, 19 இஞ்ச் சதுர மானிட்டர்கள் பெரும்பாலும் 5:4, மேலும் கீழும் இடிக்கும். 20 இஞ்ச் டிவிக்கு 1600x1200 பேனல் சரியாக அமையும். எடுத்த டியூபை உடைக்காதீர்கள். கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். அதைவிட, ஓடுகிற டியூபாக இருந்தால் முன்னே ஒருவர் சென்னையிலிருந்து கேட்டிருக்கிறாரே, அவரைப் போலத் தேடுகிறவர் யாரிடமாவது சேர்த்துவிடுங்கள்.