சோழிங்கநல்லூரில் வேலை, தனியாக வருகிறேன்: எங்கே தங்குவது?

கேள்வி: எனக்கு வயது 24. ஊர் பாளையங்கோட்டை. சோழிங்கநல்லூர் எல்காட் வளாகத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபர் முதல் வாரம் சேர வேண்டும். கைக்கு 38,000 ரூபாய் வரும். மாதத்தில் பாதி நாள் மதியம் 2 மணி முதல் இரவு 11 வரை ஷிஃப்ட் என்கிறார்கள். அம்பத்தூரில் இருக்கும் சித்தப்பா வீட்டில் தங்கச் சொல்கிறார் அப்பா. கல்லூரித் தோழி வேளச்சேரியில் பகிர்ந்து எடுத்திருக்கும் ஃபிளாட்டில் ஓர் இடம் காலி, என் பங்கு 9,000 என்கிறாள். எனக்கோ நாவலூரில் ஒரு சிங்கிள் பெட்ரூம் வீடு பிடித்திருக்கிறது. வாடகை 16,000, மெயின்டனன்ஸ் 2,000, அட்வான்ஸ் 80,000. சென்னையில் இவர்களைத் தவிர யாரையும் தெரியாது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதல் மூன்று மாதத்துக்கு இந்த மூன்றுமே வேண்டாம் என்பது என் கருத்து. அலுவலகத்திலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் மாதக் கணக்கில் சேருங்கள். மார்கழியில் வீடு பாருங்கள். தை பிறந்ததும் குடி போங்கள். புது ஊரில் எடுக்கும் முதல் முடிவு, பெரிய நஷ்டமில்லாமல் மாற்றிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். ஷிஃப்ட் உண்மையில் எப்படி அமையும், வேலை பிடிக்குமா, ஆறு மாதம் கழித்து வேறு கட்டடத்துக்கு மாற்றுவார்களா என்பதெல்லாம் உங்களுக்கு இன்னும் தெரியாது. அதற்குள் 80,000 ரூபாயை ஓர் ஓனர் கையில் கொடுத்துவிட்டால், இடம் சரியில்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பணத்துக்காகவே அங்கே இருப்பீர்கள்.

நாவலூர் வீட்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் 80,000, முதல் மாத வாடகையும் மெயின்டனன்ஸும் 18,000, புரோக்கர் மூலம் என்றால் கமிஷனாக ஒரு மாத வாடகை 16,000. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே 1,14,000 ரூபாய் போய்விடும். மெத்தை, அடுப்பு, பாத்திரம் இதில் சேரவில்லை. அதன் பிறகு மாதாமாதம் கரன்ட், இன்டர்நெட், கேன் தண்ணீர் எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாயைத் தாண்டும். சம்பளத்தில் பாதிக்கு மேல். தனி வீடு வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை. தனியாக இருந்து பழகுவது நல்லதும்கூட. அதை மூன்று மாதம் தள்ளி வைத்தால், அதே பணத்துக்கு உங்களுக்குப் பொருந்துகிற வீடாகப் பார்த்து எடுக்கலாம்.

சித்தப்பா வீட்டைப் பொறுத்தவரை தடை தூரம் மட்டும்தான். அம்பத்தூரிலிருந்து சோழிங்கநல்லூர் முப்பது கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. பகலிலேயே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், அதற்கு மேலும் ஆகலாம். பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. சோழிங்கநல்லூரில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கின்றன என்பதால் அந்த ஜங்ஷன் கூடுதல் நெரிசல். இரவு 11 மணிக்கு வேலை முடிந்து நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். யாராவது ஒருவர் உங்களுக்காக விழித்திருக்க வேண்டிவரும். ஒரு மாதத்தில் அது இரண்டு பக்கமும் மனக்கசப்பாகிவிடும். ஆனால் வந்திறங்கியதும் முதல் நாலைந்து நாள் அங்கேயே தங்குங்கள், ஹாஸ்டல் பார்க்கச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளூர்க் காப்பாளர் பெயரும் கையெழுத்தும் பல ஹாஸ்டல்களில் கேட்பார்கள். அது சித்தப்பாவாக இருக்கட்டும். அப்பா கேட்பதெல்லாம் ஊரில் உங்களுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்பதுதான். அது இதிலேயே நிறைவேறிவிடுகிறது.

வேளச்சேரி மோசமில்லை. பறக்கும் ரயில் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, இரவு பத்து மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். ஆனால் சோழிங்கநல்லூருக்கு அந்த ரயில் போகாது. பஸ்ஸில் 12, 13 கிலோமீட்டர் போக வேண்டும். இன்னொரு விஷயம்: ஏற்கெனவே இருக்கும் ஃபிளாட்டில் ஒருவர் காலி செய்த இடத்துக்குப் போகும்போது, அட்வான்ஸில் உங்கள் பங்கை அந்தப் பழைய ஆளிடம் கொடுக்கச் சொல்வார்கள். ஓனருக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாமல் போகலாம். நாளை தோழி கல்யாணமாகிப் போனால் பணத்தை யாரிடம் கேட்பீர்கள்? உங்கள் பெயர் ஒப்பந்தத்தில் ஏறாத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தோழமைக்கும் இதுவே நல்லது.

எந்த இடம் பார்ப்பதற்கும் முன், இந்த வாரமே நிறுவனத்தின் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். இரவு ஷிஃப்டுக்கு கேப் உண்டா, எந்த எல்லை வரை வரும், வாசலில் இறக்கிவிடுமா, மெயின் ரோட்டோடு நின்றுவிடுமா, கடைசியாக இறங்கும் பெண்ணுடன் பாதுகாவலர் வருவாரா என்று கேளுங்கள். இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்கும் நிறுவனம் போக்குவரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது தமிழக அரசின் நிபந்தனை. ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். பதில் எழுத்தில் வரட்டும். கேப் தெரு முனையில் நின்றுவிடும் என்றால், அந்த முனையிலிருந்து வாசல் வரையிலான நடை உங்கள் தேர்வில் முதல் இடத்துக்கு வந்துவிடும்.

எல்காட் வளாகம் பழைய மகாபலிபுரம் சாலையிலேயே இல்லை. சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் இருக்கிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஜங்ஷனுக்கு மேற்கே, அந்த மேடவாக்கம் சாலைப் பக்கமாகவே தங்கினால் தினமும் அந்தச் சிக்னலில் நிற்க வேண்டியதில்லை. மேப்பில் தூரத்தை மட்டும் பார்த்து காரப்பாக்கம், செம்மஞ்சேரி என்று முடிவு செய்கிறவர்கள் பிறகு தினமும் ஜங்ஷனைக் கடக்கிறார்கள். பார்க்கும் இடத்திலிருந்து காலை ஒன்பதரை மணிக்கு ஒரு முறை, மதியம் ஒன்றரைக்கு ஒரு முறை அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் இந்த அலைச்சலுக்குச் செலவும் குறைவு.

இனி ஹாஸ்டல். பெண்கள் விடுதிகளை நடத்த 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். "லைசென்ஸ் இருக்கா, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். முறையாக நடத்துகிறவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். அடுத்த கேள்வி, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்பது. பல இடங்களில் பத்து மணி. உங்களுக்கு வேலை முடிவதே பதினொன்றுக்கு. நிறுவனக் கடிதம் கொடுத்தால் அனுமதி உண்டு என்பார்கள். ஆனால் வாட்ச்மேன் எழுந்து வந்து திறப்பாரா, சாப்பாடு எடுத்து வைப்பார்களா என்று அங்கே தங்கியிருக்கும், உங்களைப் போலவே ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண்ணிடம் கேளுங்கள். வார்டன் சொல்வதைவிட அவர் சொல்வது பயன்படும். ஒரு பாத்ரூமுக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மாடிப்படி ஒன்றுதானா, தீ விபத்து என்றால் வேறு வழி உண்டா, அந்த வழியில் பூட்டுத் தொங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்து, புகையில் உயிர்கள் போயின. வாடகை ஐந்நூறு குறைகிறது என்பதற்காக இதில் சமரசம் செய்யாதீர்கள்.

வேலை பார்க்கும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளுக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்து வையுங்கள். தாம்பரத்திலும் அடையாறிலும் இருக்கின்றன. தாம்பரம் உங்களுக்குக் கொஞ்சம் தூரம்தான், ஆனால் மேடவாக்கம் வழியாக வரலாம். நெல்லை ரயிலைப் பிடிக்கவும் வசதி. இடம் கிடைத்தால் யோசியுங்கள். பஸ்ஸில் ஊருக்குப் போவதென்றால் தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் கேளம்பாக்கம் வேறு. புரோக்கர் "பஸ் ஸ்டாண்ட் பக்கம்" என்றால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் வருகிறீர்கள் என்பதால் மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளத்தில் கடல் சேர வேண்டும். நீங்கள் வேலை பார்க்கப் போகும் வட்டாரம் முழுக்க அந்த நீர்வழியைச் சுற்றித்தான் இருக்கிறது. 2022இல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலம், அதற்குள் நிறைய சுருங்கிவிட்டது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது.

ஆனால் ஏரியா பெயரைக் கேட்டே பயந்துவிட வேண்டாம். ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் இடுப்பளவு நிற்கும், இரண்டு தெரு தள்ளி சாலை ஈரமாக மட்டும் இருக்கும். மேப் அதைச் சொல்லாது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இ.பி. மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தால், அல்லது மோட்டாருக்குப் புதிதாக மேடை கட்டியிருந்தால், தண்ணீர் எதுவரை வந்தது என்பதை அதுவே காட்டிவிடும். காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம் ஒரே மட்டத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும் கோட்டையும் கவனியுங்கள். ஓனரிடம் கேட்டால் "நம்ம தெருவுல நிக்காதுங்க" என்பார். எதிரில் இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள். இந்த மூன்று மாதம் அங்கேயே இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். ஒவ்வொரு பெரிய மழைக்கு அடுத்த நாளும் அலுவலகத்தைச் சுற்றி ஒரு நடை போய்வாருங்கள். இந்த விவரத்தை எந்த புரோக்கரும் உங்களுக்குத் தர மாட்டார்.

வெயில் காலத்துக் கவலை வேறு. பழைய மகாபலிபுரம் சாலையோரத்து அடுக்குமாடிகளில் பல, லாரித் தண்ணீரை நம்பி இருக்கின்றன. மெயின்டனன்ஸ் 2,000 என்பது ஏப்ரல், மே மாதங்களில் ஏறுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். பாத்ரூமில் குழாய்க்கு அடியிலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு என்று அர்த்தம். குளிக்கவே சங்கடமாக இருக்கும்.

மார்கழியில் வீடு பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த மாதத்தில் பெரும்பாலோர் பால் காய்ச்ச மாட்டார்கள். 'டு-லெட்' பலகை தொங்கும், ஆனால் "இன்னைக்கே டோக்கன் குடுங்க, வேற பார்ட்டி வர்றாங்க" என்ற நெருக்கடி குறைவு. இரண்டு முறை போய்ப் பார்க்கலாம். அதில் ஒரு முறை இரவு பதினொன்றரைக்குப் போங்கள், ஹாஸ்டல் தோழி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு. தெருவிளக்கு எரிகிறதா, எந்தக் கடை திறந்திருக்கிறது, நாய்கள் எத்தனை, கேப் உள்ளே திரும்புமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் போஸ்டிங், டோக்கன் அனுப்பினால் சாவி வரும் என்று வரும் அழைப்புகள் மோசடி.

தனியாக ஒரு பெண் என்றதும் சில ஓனர்கள் "யார் யார் வருவாங்க?" என்று ஆரம்பிப்பார்கள். அப்பா, அம்மா வந்து தங்குவார்கள் என்பதைச் சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. முதல் சந்திப்பிலேயே அதிகம் துருவுகிறவர் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சொல்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. இரு தரப்பும் வேறாக எழுதிக்கொண்டால் அது செல்லும் என்பதால்தான் உங்களிடம் ஐந்து மாதம் கேட்கிறார்கள். மூன்றுக்குப் பேசிப் பாருங்கள், குறைப்பவர்கள் இருக்கிறார்கள். காலி செய்தால் எத்தனை நாள் நோட்டீஸ், எத்தனை மாதம் கட்டாயம் இருக்க வேண்டும், பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்பது ஒவ்வொன்றும் அதில் தொகையோடும் தேதியோடும் வரட்டும். உங்களுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை என்றால் அது எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சாவி கைக்கு வந்த அன்றே சுவர், குழாய், கதவு, மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸை வங்கி மூலமே கொடுங்கள்.