வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது. துணியும் சீரியல் லைட்டும் வைத்து ஹாலை அலங்கரிக்க முடியுமா?

தாராளமாக முடியும். புதுத் துணிகூட வாங்க வேண்டாம், பீரோவில் கிடக்கும் பழைய புடவைகளே போதும்.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் வாடகைக்கு இருக்கிறோம். இதற்கு முந்தைய வீட்டில் ஒரு பிறந்தநாளுக்காகச் சுவரில் எட்டு ஆணி அடித்தோம். காலி செய்யும்போது பூச்சு வேலை, பெயின்ட் என்று சொல்லி அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். அதனால் போன வருடம் தங்கையின் வளைகாப்பை வீட்டிலேயே வைத்தபோது, ஒரு ஆணிகூட வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஜன்னல் கிரில்லின் மேல் கம்பியிலிருந்து எதிர்ப்பக்கம் பரண் கொக்கி வரை நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினோம். உங்கள் வீட்டில் அந்த வசதி இல்லையென்றால், இரண்டு சுவருக்கு நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும் ஸ்பிரிங் ராடு கிடைக்கிறது. ஒட்டும் கொக்கியை டிஸ்டெம்பர் சுவரில் நம்பாதீர்கள், பெயின்ட்டோடு உரிந்து வரும். கதவு நிலையிலும் டைல்ஸிலும் நன்றாகப் பிடிக்கும்.

இனி புடவை. 5.5 மீட்டர் புடவையை நடுவில் மடித்துக் கயிற்றின் மேல் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்பது அடி தொங்கும். நம் வீடுகளின் உயரத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும். பின்பக்கத் துணி சுவரையும் வயரையும் மறைக்கும், முன்பக்கத் துணி வெளிச்சத்தை வடிகட்டித் தரும். விளக்குச் சரத்தை இரண்டுக்கும் நடுவில் இறக்கிவிட வேண்டும். பலரும் துணிக்கு மேல் விளக்கைச் சுற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் பல்புதான் கண்ணைக் குத்தும், துணி தெரியவே தெரியாது.

அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஆறடிச் சுவருக்குப் பன்னிரண்டடித் துணி இருந்தால்தான் கொசுவம் விழும், அதாவது மூன்று புடவை. கோயில் மண்டபத்தில் தொம்பை, அதாவது குழாய் போலத் தைத்த துணித் தொங்கல், எப்படித் தொங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். யாரும் அதை இழுத்துப் பிடிப்பதில்லை, அதன் பாட்டுக்கு விழுகிறது. இதையும் அப்படியே விட வேண்டும்.

நான் எடுத்தது அம்மாவின் சுங்குடிப் புடவைகள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்தவை. முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளி நிற்கும் அல்லவா? ஹால் டியூப்லைட்டை அணைத்துச் சரத்தைப் போட்டதும் அரக்குச் சிவப்பு அப்படியே உள்ளே போய், புள்ளிகள் மட்டும் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. அம்மா கிட்டே போய் முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் கட்டினப்பகூட இவ்வளவு அழகா இல்லடி" என்றார். பட்டு இதற்குச் சரிவராது. கனம் அதிகம், வெளிச்சமும் ஊடுருவாது, பழைய பட்டு மடிப்பில் கிழிந்துவிடும்.

விளக்கை பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் வாங்கினேன். கடைப் பையன் தமிழில்தான் பேசினான். "பளிச்சுனு வெள்ளை எடுக்காதீங்கக்கா, ஃபோட்டோல முகம் வெளுத்துப் போயிடும். வார்ம் ஒயிட் எடுங்க." அவன் சொன்னது சரி. பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருந்தால் எடுக்கலாம்.

பாதுகாப்பில் மட்டும் நான் பிடிவாதம். துணிக்குள் வைப்பது எல்இடி மட்டுமாக இருக்கட்டும், பழைய குண்டு பல்புச் சரம் சூடேறும். நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் சரத்தைவிட, யுஎஸ்பியில் 5 வோல்ட்டில் ஓடுவது குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நல்லது. அதைப் பவர் பேங்கில் செருகினால், இழுக்கும் கரன்ட் குறைவு என்று சில பவர் பேங்க் தானாகவே அணைந்துவிடும். மொபைல் சார்ஜரில் போடுங்கள். சரத்தைச் சுருட்டிய நிலையில் எரியவிட வேண்டாம். குத்துவிளக்கைத் துணியிலிருந்து நான்கடியாவது தள்ளி வையுங்கள், ஃபேன் காற்றில் முந்தானை எவ்வளவு தூரம் பறக்கிறது என்பதை முதல் நாளே ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

புடவையைக் குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தால் இரவோடு இரவாகக் கழற்றிவிட வேண்டும், துரு ஏறினால் கறை போகாது. நாங்கள் துணி மாட்டும் கிளிப்தான் போட்டோம். சரத்தை ஒரு அட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன், இந்த நவராத்திரிக்குக் கொலுப்படிக்குப் பின்னால் மறுபடி அதே மூன்று புடவைதான்.