அச்சகத்தில் நிற்கும் ரசிகர் இதழ்: வெளியே எடுக்க வழி உண்டா?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்குத் தமிழில் ரசிகர் இதழ் நடத்துகிறோம். மூன்றாவது இதழ் 200 பிரதி அச்சாகிவிட்டது. விலை 60 ரூபாய், அச்சுக்கூலிக்கே சரியாகிவிடும். முன்னட்டையில் தொடரின் காட்சிப் படம் இருப்பதால், அனுமதிக் கடிதம் தந்தால்தான் இதழ்க் கட்டைத் தருவேன் என்கிறார் அச்சகக்காரர். எங்களுக்கு லாபமில்லை, தொடரும் 1966-ல் வந்தது. என்ன தப்பு? - ஒரு வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய பிரதியை முழுசாகப் படித்தேன். அச்சகக்காரர் மேல் கோபப்படாதீர்கள், அவர் பயம் நியாயமானது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மீறலுக்குத் தெரிந்தே துணைபோகிறவரையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபமில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். அதற்காக மீறல் இல்லையென்று ஆகிவிடாது.

1966 கணக்குக்கு வருவோம். படப்பதிவுக்கு 60 ஆண்டு காப்பு, அதுவும் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். 1966-ல் ஒளிபரப்பான பகுதிகளுக்கே 2026 டிசம்பர் 31 வரை ஓடும். கதை வசனத்துக்குக் கணக்கு வேறு: எழுதியவர் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இறந்ததே 1991-ல்தான்.

உங்கள் விமர்சனக் கட்டுரைகளுக்கு ஆபத்தில்லை. விமர்சனத்துக்காக அளவோடு எடுத்தாள 52-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சிக்கல் இரண்டே இடத்தில். ஒன்று, முன்னட்டை. படத்தின் ஒரு காட்சியை நிழற்படமாக எடுப்பதும் நகலெடுப்பதுதான் என்று 14-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. இன்னொன்று, நடுவில் 16 பக்கத்துக்கு ஒரு பகுதி முழுவதையும் வசனம் வசனமாகத் தமிழாக்கியிருப்பது. அவ்வளவு அழகாக வந்திருப்பதை எடுக்கச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு உரிமை தொடரின் உரிமையாளர்களுடையது.

நல்லவேளை, அது தனிப் பாரம், அதாவது தனியாக அச்சிட்டு மடித்துச் சேர்த்த பக்கக் கட்டு. நடுவில் அடித்த கம்பிப் பின்னைத் தூக்கினால் அந்த 16 பக்கமும் அப்படியே கழன்றுவிடும், மற்ற பக்கங்கள் பிழைக்கும். முன்னட்டைக்குப் பின்னட்டைச் சித்திரத்தையே போடுங்கள். கடற்கரைச் சாலை காந்தி சிலைக்கு மேல், கட்டைவிரல் நகமளவு விண்கலம்! அதன் வடிவத்தை மட்டும் மாற்றி வரையச் சொல்லுங்கள். வரைந்த நண்பரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். நட்பு வேறு, உரிமை வேறு. அப்புறம், தொடரின் பெயரைச் சாதாரண எழுத்தில் அச்சிட்டு, 'ரசிகர்கள் நடத்தும் இதழ், தயாரிப்பு நிறுவனத்துக்குத் தொடர்பில்லை' என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். கழற்றிய பக்கங்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

இதெல்லாம் முடிந்ததும், நீக்கியது எது, பொறுப்பு யாருடையது என்று நால்வரும் கையெழுத்திட்டு, புது அட்டை மாதிரியோடு அச்சகக்காரரிடம் ஒரு கடிதம் கொடுங்கள்.