கட்டுப்பாடற்ற வான்பகுதியில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க முடியுமா?

பல நாடுகளில் முடியும். ஆனால் கருவிகள் வழியைக் காட்டும்; எதிரே வருபவரைக் காட்டும் என்று எண்ணிவிடக் கூடாது.

வெளியே பார்க்காமல் உயரமானி, திசைகாட்டி, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானம் ஆகியவற்றைக் கொண்டு ஓட்டுவதே கருவிவழிப் பறத்தல். மேகத்துக்குள் நம் உடலே நம்மை ஏமாற்றும். சாய்ந்து பறந்தாலும் நேராகப் போவதாகவே தோன்றும். கட்டுப்பாடற்ற வான்பகுதி என்பது, விமானங்களுக்கு இடையிலான இடைவெளியைத் தரையிலிருந்து எவரும் காக்காத இடம். அங்கே தகவல் கிடைக்கலாம், உத்தரவு வராது.

பனிமூட்டத்தில் திம்பம் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவுகளும் மனப்பாடமான ஓட்டுநருக்கும் எதிரே வரும் லாரி தெரியாது. ஹாரன் அடித்துக்கொண்டே ஏறுவார். வானில் அந்த ஹாரன்தான் ரேடியோ. மற்றவர் வேறு அலைவரிசையில் இருந்தால் அது வீண். லாரியை ஓரங்கட்டி நிறுத்தலாம். விமானத்தை நிறுத்த முடியாது.

மலைகள் இன்னொரு எல்லை. சர்வதேச விதிப்படி மலைப்பகுதியில், 8 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் 600 மீட்டராவது இருக்க வேண்டும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு அருகே அப்படியானால் சுமார் 3,240 மீட்டர். மேகம் அதற்குக் கீழே படர்ந்திருந்து, இறங்குமிடத்தில் கருவிகளைக் கொண்டே இறங்குவதற்கென வகுத்த வழியும் இல்லையென்றால், திரும்புவதே சரி.

'கட்டுப்பாடற்ற' என்றால் விதிகளற்ற என்று பலர் நினைக்கிறார்கள். உயர வரம்பும் கருவிவழிப் பறக்க விமானி பெற்றிருக்க வேண்டிய தகுதியும் அங்கும் கட்டாயம், இல்லாதவர் கட்டுப்பாட்டாளர் மட்டுமே.