திருவிழாக் கூட்டத்தில் கை வைத்தால்: கேள்வி பதில்

தேர்த் திருவிழா, கல்யாண வீடு, நுவரெலியா ஏப்ரல் சீசன் என்று கூட்டம் கூடும் இடங்களில் நடக்கும் பாலியல் தொந்தரவு பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். ஹட்டன் பக்கத்தில் பெண்களின் முறைப்பாடுகளோடு பொலிசுக்கும் கோர்ட்டுக்கும் அலைவது என் வேலை. அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தலவாக்கலை: அக்கா, தேர் இழுக்கும்போது பின்னால் நின்றவன் கை போட்டான். காயம் ஒன்றும் இல்லை. இதெல்லாம் ஒரு கேஸா?

கேஸ்தான் தங்கச்சி. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு. 1995இல் திருத்தி எழுதினார்கள். காயம் வேண்டும் என்று அதில் இல்லை. தொட்டாலும், சொல்லாலோ செய்கையாலோ பாலியல் தொந்தரவு கொடுத்தாலும் குற்றம். 5 வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நட்டஈடு கொடுக்கவும் கோர்ட் உத்தரவிடலாம். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எந்த இடம், எத்தனை மணி, பக்கத்தில் யார் யார் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். ஊர் நாலு பக்கமும் பேச ஆரம்பித்தால் உங்கள் ஞாபகமே குழம்பிவிடும். முறைப்பாடு செய்வதா வேண்டாமா என்பதைப் பிறகு நீங்கள் முடிவெடுங்கள். அம்மாவோ தலைவரோ அல்ல, நீங்கள்.

பண்டாரவளை: தொடவில்லை, அசிங்கமாகப் பேசினான். அதுவும் சேருமா?

சேரும். மேலே சொன்ன அதே பிரிவு.

ஹப்புத்தளை: என் தம்பிக்கு 15 வயது. கல்யாண வீட்டில் ஒரு பெரிய ஆள் தப்பாக நடந்தார். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சிரிக்கிறவர்களை விடுங்கள். ஆண் பிள்ளை என்பதால் சட்டம் விலக்கவில்லை. சின்னப் பிள்ளை என்பதால் சிறுவர் உதவி எண் 1929க்கு அழையுங்கள். தம்பியிடம் திரும்பத் திரும்பக் கதை கேட்காதீர்கள். ஒருமுறை சொன்னதே அவனுக்குப் பெரிய பாரம்.

மஸ்கெலியா: நான் கோயில் கமிட்டியில் இருக்கிறேன். போன வருஷம் இப்படி ஒன்று நடந்தது. இரண்டு வீட்டையும் கூப்பிட்டு, பையனுக்குத் தண்டம் போட்டு, மன்னிப்புக் கேட்க வைத்து முடித்தோம். தோட்டத்து மானம் தோட்டத்துக்குள் இருந்தது. இதில் என்ன தப்பு?

தண்டப் பணம் யாருக்குப் போனது ஐயா? கோயில் உண்டியலுக்கு. அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? முழுத் தோட்டத்துக்கும் முன்னால் வந்து நின்றது. அவளிடம் என்ன வேண்டும் என்று யாராவது தனியாகக் கேட்டீர்களா?

அதே ஆள்: பொலிசுக்குப் போனால் அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. அது உங்களுக்குத் தெரியாதா?

தெரியும். கிடைக்காமல் செய்வது பொலிஸ் அல்ல, நம் பேச்சுத்தான். கமிட்டி ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பேச்சை அடக்கலாம். தண்டம் போடத் தெரிந்தவர்களுக்கு அது முடியாதா?

பொகவந்தலாவை: அக்கா, நானும் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் இப்படி முடித்து வைத்தார்கள். அடுத்த வருஷம் அதே ஆள் முன்னால் நின்று வடம் பிடிக்கிறார்.

நீங்கள் சொன்னதே மஸ்கெலியா ஐயாவுக்குப் பதில்.

லிந்துலை: பேச்சு எதற்கு? கையைக் காலை உடைத்து அனுப்ப வேண்டும்.

தம்பி, அப்புறம் நடப்பதைச் சொல்கிறேன். அவன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பான். அங்கிருந்து உங்கள் மேல் முறைப்பாடு வரும். இப்போது இரண்டு கேஸ். ‘நீ அதை வாபஸ் வாங்கு, நான் இதை வாங்குகிறேன்’ என்று சமாதானம் பேசுவார்கள். உங்களைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை தன் முறைப்பாட்டை விட்டுக்கொடுப்பாள். உங்கள் வீரத்துக்கு விலை கொடுப்பது அவள்.

மஸ்கெலியா: அப்படியென்றால் கமிட்டி சும்மா உட்கார்ந்திருப்பதா?

ஏன் சும்மா? தேர் வரும் பாதையில் லைட் போடுங்கள். தொண்டர்களில் பெண்களையும் சேருங்கள். பார்த்தவர்களிடம் சாட்சி சொல்லத் தயங்காதீர்கள் என்று சொல்லுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்கவே 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அவள் முறைப்பாடு செய்ய விரும்பினால் வேன் காசு கொடுத்து ஒரு அக்காவையும் கூட அனுப்புங்கள்.

நானுஓயா: எங்களிடம் வீடியோ இருக்கிறது. ஃபேஸ்புக்கில் போட்டு மானத்தை வாங்கலாமா?

போடாதீர்கள். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் அதே தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின் கீழ் நீங்கள்தான் குற்றவாளி. 2 வருஷம் வரை சிறை. வீடியோவை வெட்டாமல், எடுத்த ஃபோனிலேயே வைத்திருந்து பொலிசிடம் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியை வைத்துக்கொண்டு எப்போது எடுத்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.

பதுளை: பெண்கள் ஏன் ராத்திரி இசை நிகழ்ச்சிக்குப் போக வேண்டும்?

பாட்டுக் கேட்க.

கொட்டகலை: பொய்யாகச் சொன்னால் என்ன செய்வது?

மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பொலிசுக்குப் பொய்த் தகவல் கொடுப்பதும் குற்றம்தான். பொய்யா உண்மையா என்று விசாரிப்பது அவர்கள் வேலை, லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வாசலில் நிற்பவர்கள் வேலை அல்ல.

ராகலை: பொலிசில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தமிழும் அரச கரும மொழி. தமிழில் வாக்குமூலம் கொடுக்கக் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் இல்லை என்றால், எழுதியதை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். பெண்கள், சிறுவர் பிரிவு எங்கே என்று கேளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் முதலில் பெண்களுக்கான உதவி எண் 1938க்குப் பேசுங்கள்.

நோர்வூட்: அக்கா, எங்கள் வீட்டுக் காணி உறுதி...

என் துறை அல்ல. சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.

வெலிமடை: முகத்தை மறைத்து வீடியோ போட்டால்?

சட்டையின் நிறம் போதும், லயத்தில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். போடாதீர்கள். வீடியோ பற்றி இனி யார் கேட்டாலும் நானுஓயா பதிலைப் படியுங்கள்.

மஸ்கெலியா: எங்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து பேசுவீர்களா?

வருகிறேன் ஐயா. கூட்டத்தில் பெண்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், தேத்தண்ணி ஊற்ற மட்டும் அல்ல. தேதியை அனுப்புங்கள்.