விற்கப்போகும் பழைய அடுக்ககத்தில் எதைச் செய்வது, எதை விடுவது?

கேள்வி: சென்னைப் புறநகரில் 1996-இல் கட்டப்பட்ட எங்கள் அடுக்ககக் குடியிருப்பை விற்க முடிவு செய்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் செலவழித்து மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் செய்துவிட்டு விற்றால் போட்ட பணத்துக்கு மேல் விலை கூடுமா? அல்லது இருக்கிற நிலையிலேயே விற்றுவிடலாமா?

பதில்:

இரண்டுமே வேண்டாம். ஐந்து லட்சத்தில் ஒரு சிறுபகுதியைச் சரியான இடங்களில் செலவழித்துவிட்டு, மீதியை வங்கியிலேயே விட்டுவையுங்கள். குரோம்பேட்டையில் எங்கள் அம்மாவின் பெயரில் இருந்த, ஏறக்குறைய உங்கள் வீட்டின் வயதே ஆன குடியிருப்பை விற்றபோதும், பிறகு உறவினர் சிலருக்கு இதே வேலையில் துணைநின்றபோதும் அறிந்துகொண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

இந்த வயதுள்ள அடுக்ககத்தைப் பார்க்க வருபவர் முதலில் கணக்கிடுவது நிலத்தை. பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும் பிரிபடாத நிலப்பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய, தரகர்கள் யு.டி.எஸ். என்று சொல்லும் பங்கு, எத்தனை சதுர அடி என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்து மறுபடி கட்ட வழிசெய்யும் அடுக்கக உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 2022-இல் இயற்றப்பட்டதிலிருந்து, இந்தக் கேள்விக்கு இன்னும் எடை கூடியிருக்கிறது. சில ஆண்டுகளில் கட்டடமே இடிபடலாம் என்று நினைக்கும் ஒருவர் உங்கள் புதுச் சமையலறைக்குத் தனியாக விலை கொடுக்கமாட்டார். குடியிருக்கவே வாங்குபவருக்கும் அலமாரியின் நிறத்திலிருந்து கிரானைட் வரை தமக்கென்று ஒரு விருப்பம் இருக்கும். நீங்கள் போட்டதை அவர் பெயர்த்து எறியவும் கூடும்.

ஆனால் சுவரில் ஓர் ஓதத்தைப் பார்த்துவிட்டால் நிலைமை வேறு. அதைச் சரிசெய்ய உண்மையில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததாலேயே பெரிய தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேட்பார். சில ஆயிரங்களில் முடியும் வேலைக்காக லட்சக்கணக்கில் பேரம் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் பணம் போகவேண்டிய முதல் இடம் நீர்க்கசிவு. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் பொதுவான சுவரில் கீழ்ப்பகுதியில் பெயிண்ட் உப்பி உதிர்கிறதா, மேல்வீட்டுக் கழிப்பறைக்குக் கீழே உள்ள கூரையில் மஞ்சள் வளையம் தெரிகிறதா, கடைசி மாடியாயின் மொட்டைமாடித் தட்டோடுகளின் இணைப்புகள் விட்டுப்போயிருக்கின்றனவா என்று பாருங்கள். கசிவின் மூலத்தை அடைக்காமல், சுவர் காயாமல், அதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது முழுக்க வீண்; ஈரம் பட்டியைத் தள்ளிக்கொண்டு மீண்டும் வெளியே வரும், அதுவும் பெரும்பாலும் ஒருவர் முன்பணம் கொடுக்க யோசித்துக்கொண்டிருக்கும் வாரத்தில்.

இதைவிடக் கவனமாகப் பார்க்கவேண்டியது கூரைக் கான்கிரீட். பால்கனி, சன்ஷேடு, குளியலறைக் கூரை ஆகிய இடங்களில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், உள்ளே துரு ஏறியிருக்கிறது என்று பொருள். துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், சுற்றியுள்ள கான்கிரீட்டை அதுவே பிளக்கிறது. பொதுப்பணித்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் தாய்மாமா, கொத்தனார் வந்து வெறும் சிமெண்டைப் பூசிவிட்டுப் போவதற்கு ஒப்பவே மாட்டார். தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்கச் சொல்வார். கம்பி பாதியாக மெலிந்திருந்தால் அது கொத்தனார் கையோடு முடியும் வேலையன்று. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டவேண்டும். வெளிச்சுவரும் மொட்டைமாடியும் பெரும்பாலும் பொதுப்பகுதியாக இருக்கும் என்பதால், அங்கே கைவைக்கும் முன் குடியிருப்பு உரிமையாளர் சங்கத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

இதில் சட்டமும் உண்டு. விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் தெரிவிக்கவேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. பெயிண்டால் மறைத்த ஓதம் பிறகு வழக்கறிஞர் நோட்டீஸாகத் திரும்பி வரலாம். 2015 வெள்ளத்தில் தண்ணீர் வந்ததா என்று புறநகரில் எல்லாருமே கேட்பார்கள். வந்திருந்தால் எந்த மட்டம் வரை என்பதையும் சேர்த்து உள்ளபடி சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

ஃபால்ஸ் சீலிங் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் தங்கையும் வெளிநாட்டிலிருந்து இதையே வற்புறுத்திக்கொண்டிருந்தாள். பழைய வீட்டில், அதிலும் கடைசி மாடியில், புத்தம்புதிய ஃபால்ஸ் சீலிங்கைக் கண்டால் விவரம் தெரிந்தவர் அதன் அழகில் மயங்கமாட்டார். மேலே எதை மூடியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். பால்கனியை அடைத்து அறையாக்கும் யோசனை இருந்தாலும் கைவிடுங்கள். வாங்குபவர் வங்கிக் கடன் எடுப்பவராக இருந்தால், வங்கியின் மதிப்பீட்டாளர் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு வீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்தக் கூடுதல் அறையாலேயே கடன் தாமதமாகலாம்.

குளியலறையை இடித்துக் கட்டத் தேவையில்லை. டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாக அடைத்து, ஒழுகும் குழாய்களை மாற்றி, போர்வெல் தண்ணீரின் உப்புக்கறையை நீக்கினாலே போதும். கறைக்கு வீரியமான ஆசிட் ஊற்றினால் டைல்ஸ் பளிச்சென்று ஆகும், ஆனால் இடுக்கிலுள்ள சிமெண்டை அது அரித்துப் புதிய கசிவுக்கு வழி திறந்துவிடும். மின்சாரத்தில், பழைய ஃபியூஸ் கட்டைகள் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு, மின்னோட்டம் அளவை மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்துங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. எல்லா அறைகளுக்கும் ஒரே வெளிர் நிறம் போதும். ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம் அடிக்கும் பழக்கத்தை, குடியிருக்கப்போகிறவருக்கே விட்டுவிடலாம். காலத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வீட்டைச் சுற்றிவந்து, ஈரம் தெரியும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். எந்த நிபுணரும் இவ்வளவு துல்லியமாகக் காட்டமாட்டார். மழை ஓய்ந்து சுவர் காய்ந்தபின் பழுதுபார்த்து, தை, மாசியில் விற்பனைக்கு விடுங்கள். மார்கழியிலும் ஆடியிலும் நம்மவர்கள் முன்பணம் கொடுக்கத் தயங்குவார்கள் என்பதால் அந்த மாதங்களில் அவசரப்பட்டுப் பயனில்லை.

வீடு பூட்டிக் கிடந்தால், பயன்படுத்தாத குளியலறையின் நஹானி டிராப்பில், அதாவது தரையில் தண்ணீர் வடியும் வாயின் வளைவில், வாடையைத் தடுத்து நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை வாடை உள்ளே ஏறும். ஆள் வருவதற்கு முதல்நாளே எல்லா வடிகால் வாய்களிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பரணை ஒழித்துவிடுங்கள். ஆனால் வீட்டை முழுக்கக் காலிசெய்யாதீர்கள். காலி அறையில் ஆணித்துளையும் விரிசலும் மட்டுமே கண்ணில் படும், கட்டில் போட இடம் இருக்குமா என்ற ஐயமும் எழும்.

ஆவணங்களைத் தயார்செய்வதையும் நான் வீட்டைத் தயார்செய்வதாகவே எண்ணுகிறேன். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், உங்கள் பெயருக்கு மாற்றிய சொத்துவரி, மின் இணைப்பு, சங்கத்தின் பாக்கியின்மைக் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, கேட்கும் முன்பே நகல் கொடுங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். பெயிண்டர் முடிக்கும் வேகத்தில் அது வந்துசேராது.

செலவுகளுக்கு ரசீது வாங்கி வையுங்கள். மூலதனத் தன்மையுள்ள மேம்பாட்டுச் செலவை, மூலதன ஆதாயத்தை, அதாவது விற்பனையில் கிடைக்கும் வரிக்குரிய லாபத்தை, கணக்கிடும்போது கழிக்கலாம். வெறும் பெயிண்டும் சில்லறைப் பழுதும் பொதுவாக அதில் சேரா. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாயின், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி உயர்வுக்கேற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம் என இரண்டு வழியிலும் வரியைக் கணக்கிட்டு, குறைவானதைச் செலுத்தலாம். எந்தச் செலவு எந்தப் பக்கம் சேரும் என்பதை, வேலை தொடங்கும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரருக்கான பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள்.