இம்போஸ்டர் தேர்வில் 74 வந்திருக்கிறது: எனக்கு உண்மையிலேயே தகுதி இல்லையா?

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் ஏழு வருடமாக வேலை. நான்கு மாதம் முன்பு டீம் லீட் ஆக்கினார்கள். அன்றிலிருந்து, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் விடவே இல்லை. இணையத்தில், ‘நான் ஒரு போலி’ என்ற உணர்வை அளக்கும் இம்போஸ்டர் சிண்ட்ரோம் தேர்வு எழுதிப் பார்த்தேன், 74 வந்தது. இது நோயா, அல்லது எனக்குத் தகுதி இல்லை என்பதுதான் உண்மையா? மேனேஜரிடம் சொல்லலாமா?

பதில்: முதலில் அந்த 74-ஐப் பார்த்துவிடுவோம். நீங்கள் எழுதியது அநேகமாக அமெரிக்க உளவியலாளர் பாலின் கிளான்ஸ் 1985-இல் வெளியிட்ட அளவுகோலாக இருக்கும். அதில் 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 40 வரை என்றால் இந்த உணர்வு குறைவு, 41 முதல் 60 வரை நடுத்தரம், 61 முதல் 80 வரை என்றால் அடிக்கடி வருகிறது, 80-ஐத் தாண்டினால் தீவிரம். ஆக, உங்களுக்கு இது அடிக்கடி வருகிறது. அந்த எண் சொல்வது அவ்வளவுதான். உங்கள் வேலையின் தரத்தை அது அளப்பதே இல்லை.

நோயா என்றால், இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இலும் இது கிடையாது, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5-இலும் கிடையாது. 2020-இல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த உணர்வு உள்ளவர்கள் 9 சதவீதம் முதல் 82 சதவீதம் வரை என்று வந்தது. எந்த அளவுகோல், எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து அவ்வளவு மாறுகிறது. அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, உங்கள் மனம் கணக்கு எழுதும் விதத்தைப் பாருங்கள்.

ஒரு நோட்டை எடுத்து, கடந்த இரண்டு வருடத்தில் வேலையில் நன்றாக நடந்த மூன்றையும் சொதப்பிய மூன்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம். யோசிக்காமல், மனதில் முதலில் வருவதையே எழுத வேண்டும். இந்த உணர்வு உள்ளவர்களின் நோட்டில் ஒரு சாய்வு தெரியும். ரிலீஸ் நல்லபடி போனதற்கு ‘டீம் நல்லா அமைஞ்சது’, ‘கிளையன்ட் நல்லவர்’. டெமோ சொதப்பியதற்கு ‘எனக்கு அறிவு பத்தாது’. உழைப்பைக்கூட வரவில் வைக்க மாட்டார்கள். திறமை இருந்தால் இவ்வளவு உழைக்க வேண்டியிருக்குமா என்பார்கள். முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களிடம் இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். எழுதி முடித்ததும், உங்கள் டீமில் உள்ள ஒருவர் தன்னைப் பற்றி இதே காரணங்களைச் சொன்னால் அவருடைய அப்ரைசலில் அப்படியே எழுதுவீர்களா என்று பாருங்கள்.

அடுத்து, ஒரு புது வேலை வரும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பதற்றம் வருகிறது. ஒன்று, தேவைக்கு மூன்று மடங்கு தயார் செய்கிறீர்கள். இல்லையென்றால் கடைசி ராத்திரி வரை தள்ளிப்போடுகிறீர்கள். வேலை நன்றாகவே முடிகிறது, அன்று சாயங்காலம் நிம்மதி. அப்புறம் ‘அவ்வளவு தயார் செய்ததால்தான்’ அல்லது ‘ஏதோ அதிர்ஷ்டம்’ என்று அது கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. அடுத்த வேலைக்குப் பழையபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடக்கம். கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-இல் 150-க்கும் மேற்பட்ட சாதனைப் பெண்களைப் பற்றி எழுதியபோதே, பட்டமும் பாராட்டும் இந்த எண்ணத்தை மாற்றவில்லை என்று குறிப்பிட்டார்கள். அதனால், பயத்தைப் போக்குவதற்காக இன்னொரு சான்றிதழ் படிப்பில் சேர வேண்டாம்.

சரி, உண்மையிலேயே தெரியாத விஷயங்களும் இருக்குமே? நிச்சயம் இருக்கும். நான்கு மாத டீம் லீடுக்கு எஸ்டிமேட் போடுவது, சரியாக வேலை செய்யாதவரிடம் அதை முகத்துக்கு நேரே சொல்வது எல்லாம் புதிதுதான். ‘உனக்கு எல்லாம் தெரியும், இது வெறும் இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று எல்லாருக்கும் ஒரே ஆறுதல் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கற்றுக்கொள்ள வேண்டியவருக்கு அதனால் உதவி கிடைக்காமல் போகிறது. ‘எனக்கு வராதது இது’ என்று ஒரு வரி எழுதுங்கள். பெயர் சொல்லக்கூடிய, சில மாதத்தில் பழகிவிடக்கூடிய ஒன்று வந்தால் அது பயிற்சிக் குறை. ‘எல்லாமே’ என்று வந்தால் அது பயம். பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

இந்தப் பயம் எல்லா மீட்டிங்கிலும் வருகிறதா, குறிப்பிட்ட சிலர் இருக்கும்போது மட்டுமா என்பதையும் பாருங்கள். உங்கள் ஆங்கிலத்தைக் கேட்டு யாராவது சிரிக்கிறார்கள், பேச்சைப் பாதியில் வெட்டுகிறார்கள் என்றால், குறை அந்த அறையில் இருக்கிறது. பெண்களின் மனதைச் சரிசெய்யப் பார்ப்பதைவிட அலுவலகத்தைச் சரிசெய்யுங்கள் என்று ருச்சிகா துல்ஷ்யான், ஜோடி-ஆன் பியூரி இருவரும் 2021-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதியது இதைத்தான். அதில் எனக்கு முழு உடன்பாடு.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இம்போஸ்டர் எண்ணம் பெரும்பாலும் வேலை, படிப்பு போன்ற இடங்களைச் சுற்றியே வரும். வீட்டிலும் நட்பிலும்கூட ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்று தோன்றி, தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும். அப்போது மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள்.

மேனேஜரிடம் ‘எனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் கையில் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்த வேலையைப் பார்த்து என்னை லீட் ஆக்கினீர்கள்? அடுத்த ஆறு மாதத்தில் நான் முன்னேற வேண்டிய ஒரு விஷயம் எது? அவர் சொல்லும் வார்த்தைகளை அன்றைக்கே அந்த நோட்டில் எழுதி வையுங்கள். முதல் கேள்விக்கான பதிலை இரண்டே நாளில் மறந்துவிடுவீர்கள், இரண்டாவது மட்டும்தான் மனதில் நிற்கும்.